டிஸ்பிளே டிரைவரின் வன்பொருள் தொடக்க நிரலில் வரும் கிளீனப் பேட்ச்: மதிப்பாய்வு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கர்னலில் திரையையும் கிராஃபிக்ஸையும் கையாளும் டிஆர்எம் பகுதியில் உள்ள ஒரு டிஸ்பிளே டிரைவருக்கு, வன்பொருளை எழுப்பும் நிரலைச் சீர்செய்யும் (கிளீனப்) பேட்ச் தொடர், அதாவது நிரல் மாற்றங்களின் தொகுப்பு, ஒன்று வந்திருக்கிறது. அதை மதிப்பாய்வு செய்யும் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். புதிய நிரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தெளிவாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் அது எழுதப்பட்டது. ஆனால் சிப்புக்குத் தெரிபவை வேறு: தன் ரெஜிஸ்டர்களுக்கு (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்களுக்கு) வந்து சேரும் மதிப்புகள், அவை வரும் வரிசை, அவற்றுக்கு இடையே கழியும் நேரம், மின்சாரமும் கிளாக்கும் (சிப்பை இயக்கும் துடிப்புச் சமிக்ஞையும்) எப்போது வந்தன, எப்போது போயின என்பவை. பேட்ச்சுக்கு முன்னும் பின்னும் சிப் காண்பது ஒன்றுதானா, ஒன்றில்லை என்றால் அந்த வேறுபாடு தெரிந்தே செய்யப்பட்டதா என்பதைக் கண்டறியத்தான் கீழே உள்ள படிகள்.

இவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக மூன்றாம் படியை முடிக்காமல் நான்காம் படிக்குப் போகாதீர்கள். புதிய நிரலை ஒருமுறை படித்துவிட்டால், பழைய நிரலையும் அதன் கண்கொண்டே படிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

1. தொடங்குவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலில் டேட்டாஷீட், அதாவது சிப்பின் தொழில்நுட்ப ஆவணம். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. மின்சாரம் ஏற்றும் வரிசையைக் காட்டும் நேர வரைபடமும், ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் எதிரே அது படிக்க மட்டுமா, எழுதவும் கூடுமா, 1 எழுதினால் அழியும் வகையா என்று சொல்லும் பத்தியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டேட்டாஷீட் வெளியிடப்படாத சிப் என்றால் பழைய நிரல்தான் உங்களிடம் உள்ள ஒரே ஆவணம். அப்போது பழைய வரிசையில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்னும் கூடுதலாக விளக்கம் கேட்க வேண்டும்.

அடுத்து, அந்த டிரைவர் ஆதரிக்கும் எல்லாச் சிப் வகைகளின் பட்டியல். டிரைவரில் உள்ள டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) பொருத்த அட்டவணையைத் திறந்து எழுதிக்கொள்ளுங்கள். பேட்ச்சை அனுப்பியவர் அநேகமாக அவற்றுள் ஒன்றில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருப்பார். ஐந்து வகைகளுக்கும் பொதுவான ஃபங்ஷன் ஒன்றை அவர் தொட்டிருந்தால், மற்ற நான்கையும் நிரலைப் படித்துத்தான் சரிபார்க்க முடியும்.

மூன்றாவது, பேட்ச் எந்தக் கமிட்டின் (கிட்டில் பதிவான நிரல் நிலையின்) மேல் எழுதப்பட்டதோ அதே கமிட். பேட்ச் சரியாக ஒட்டவில்லை என்றால் நீங்களே கையால் திருத்தி ஒட்ட வேண்டாம். அடிப்படைக் கமிட்டைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் திருத்தி ஒட்டியது வேறு பேட்ச் ஆகிவிடுகிறது, அதைப் பற்றிய உங்கள் கருத்து அனுப்பியவருக்குப் பொருந்தாது.

போர்டு கையில் இருந்தால் சீரியல் கன்சோலை இணைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சோதிப்பது திரையை. திரை எழவில்லை என்றால், என்ன நடந்தது என்று சொல்ல வேறு வழி வேண்டும். போர்டு இல்லாவிட்டாலும் ஒன்பதாம் படி வரை செய்யலாம். பதிலில் அதைக் குறிப்பிட்டால் போதும்.

2. கமிட் செய்தி என்ன வாக்களிக்கிறது என்று பாருங்கள்

நிரலைத் திறக்கும் முன் கமிட் செய்தியைப் படித்து, பேட்ச்சை மூன்றில் ஒரு வகையாகப் பிரியுங்கள். நடத்தையில் மாற்றமே இல்லை என்று சொல்வது ஒன்று. வரிசையையோ நேரத்தையோ வேண்டுமென்றே மாற்றுவது இரண்டாவது. கிளீனப் என்ற பெயரில் ஒரு பிழையையும் சேர்த்துத் திருத்துவது மூன்றாவது.

மூன்றாவது வகையைக் கண்டால் மேலே போகாமல் நிறுத்துங்கள். திருத்தத்தைத் தனிப் பேட்ச்சாகப் பிரித்துத் தொடரின் தொடக்கத்தில் வைக்கும்படி கேளுங்கள். நிலையான கர்னல் கிளைகளுக்குப் பெரும்பாலும் திருத்தங்களே எடுத்துச் செல்லப்படும், அவையும் சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கிளீனப்பின் மேல் எழுதப்பட்ட திருத்தம் பழைய கிளைகளில் ஒட்டாது. கிளீனப் இன்றி நிற்கும் திருத்தம் எளிதாக ஒட்டும்.

செய்தியில் 'மேலும் சில சிறு மாற்றங்கள்' என்ற தொடர் இருந்தால், அந்தச் சிறு மாற்றங்கள் ஒவ்வொன்றையும் வரி எண்ணோடு கேட்டு வாங்குங்கள். என் அனுபவத்தில் சிக்கல் இருப்பது பெரும்பாலும் அந்தத் தொடருக்குள்தான்.

3. பழைய வரிசையைத் தாளில் எழுதுங்கள்

பேட்ச் ஒட்டாத பழைய நிரலைத் திறந்து, ப்ரோப் (சாதனத்தைக் கண்டதும் கர்னல் அழைக்கும் டிரைவரின் தொடக்க ஃபங்ஷன்) தொடங்கும் இடத்திலிருந்து முதல் படம் திரைக்குப் போகும் வரை வன்பொருளைத் தொடும் ஒவ்வொரு செயலையும் ஒரு வரியாக எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு பத்திகள்: இந்தச் செயலுக்குப் பின் எவ்வளவு காத்திருக்கிறது, இது தோற்றால் எதை மூடுகிறது.

ஒரு டிஎஸ்ஐ பேனலுக்கு (கைபேசிகளில் வரும் வகைத் திரைக்கு) அந்தத் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் 1.8 வோல்ட் உள்ளீட்டு ரெகுலேட்டர் (மின்னழுத்தம் தரும் பாகம்). பிறகு அனலாக் மின்சாரம். ரீசெட் கால் (பின்) விடுவிப்பு, 10 மில்லி வினாடி. உற்பத்தியாளரின் தொடக்கக் கட்டளைகள். தூக்கத்திலிருந்து எழுப்பும் கட்டளை, ஹெக்ஸில் 11, அதன் பின் 120 மில்லி வினாடி. திரையை ஏற்றும் கட்டளை, ஹெக்ஸில் 29. ஆறு வரிகள்தான். ஆனால் எந்த வரி எந்த ஃபங்ஷனில் இருக்கிறது என்பதை இந்தத் தாள் பொருட்படுத்துவதில்லை. கிளீனப் மாற்றுவது ஃபங்ஷன் எல்லைகளை. மாற்றக்கூடாதது இந்த ஆறு வரிகளை.

எழுதும்போது, காரணம் புரியாத காத்திருப்புகளையும், படித்த மதிப்பைப் பயன்படுத்தாத வாசிப்புகளையும் வட்டமிடுங்கள். அவை எந்தக் கமிட்டில் நுழைந்தன என்று கிட் பிளேம் மூலம் தேடுங்கள். வீணாகத் தோன்றும் ஒரு 5 மில்லி வினாடி, யாரோ ஒருவர் பல நாள் தேடிக் கண்டுபிடித்த கோளாறின் மருந்தாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

தூங்கி எழும் பாதைக்கும் இதே போல் தனித்தாள் எழுதுங்கள். இதைப் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'இது ஒருமுறை செய்தால் போதும்' என்று கருதி, எழும் பாதையில் இருந்த ரெஜிஸ்டர் எழுத்துகளை ப்ரோபுக்கு மாற்றுவது கிளீனப்பில் மிக இயல்பாக வரும் தவறு. பவர் டொமைன் (சேர்ந்தே மின்சாரம் பெறும் சிப் பகுதி) அணைந்தால் ரெஜிஸ்டர்கள் தம் மதிப்பை இழந்துவிடும். ப்ரோப் மறுபடி ஓடாது. இயந்திரம் முதல்முறை நன்றாக எழும், மூடித் திறந்தால் கறுப்புத் திரை.

4. இடம் மாறிய வரிகளையும் உரு மாறிய வரிகளையும் பிரியுங்கள்

இப்போது பேட்ச்சைத் திறக்கலாம். கிட் டிஃபில் நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும் விருப்பத்தை இயக்குங்கள். இடைவெளி மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் விடும் விருப்பத்தையும் சேருங்கள். முந்நூறு வரி மாற்றமாகத் தெரிந்தது, இருபது வரி மாற்றமாகச் சுருங்கும். உங்கள் கவனம் அந்த இருபதில் இருக்கட்டும்.

பெயர் மாற்றம், மேக்ரோவாக்கல், ஃபங்ஷன் பிரிப்பு போன்றவற்றில் இன்னொரு உறுதியான வழி உண்டு. பேட்ச்சுக்கு முன்னும் பின்னும் அதே கம்பைலர், அதே கட்டமைப்பு கொண்டு அந்த ஒரு கோப்பைக் கட்டி, உருவான ஆப்ஜெக்ட் கோப்புகளின் இயந்திர ஆணைகளை ஒப்பிடுங்கள். கர்னல் மூலத்திலேயே இதற்கு ஆப்ஜ்டிஃப் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. எண்களுக்குப் பதில் பெயர் வைத்த பேட்ச் என்றால் ஆணைகள் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால் வேறுபட்ட இடத்தைப் பேட்ச்சின் ஆசிரியரிடம் காட்டுங்கள். வாதம் தேவைப்படாது.

பேட்ச் நகர்த்தலையும் மாற்றத்தையும் ஒன்றாகச் செய்திருந்தால் பிரித்து அனுப்பச் சொல்வது நியாயமான கோரிக்கை. வெறுமனே நகர்த்தும் பேட்ச்சை இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கலாம். கலந்து வந்தால் அரை நாள் போகும், அப்போதும் நிம்மதி இராது.

5. ரெஜிஸ்டர் எழுத்துகளை ஒன்றொன்றாகச் சரிபாருங்கள்

நேரம் அதிகம் செலவாக வேண்டிய படி இதுதான். கீழே சொல்பவை அனைத்தும் கம்பைலர் எச்சரிக்கை இல்லாமல் நுழையக்கூடியவை.

முதலாவது, புல மேக்ரோக்கள் (புலம் என்பது ரெஜிஸ்டருக்குள் ஓர் அமைப்புக்கு ஒதுக்கிய பிட்டுகள்). பழைய நிரலில் கையால் இடம்பெயர்த்த மதிப்புகளை தானே இடம்பெயர்த்துத் தரும் ஃபீல்டு ப்ரெப் மேக்ரோவுக்கு மாற்றும்போது, ஏற்கெனவே இடம்பெயர்த்து வரையறுத்த மாறிலியையே அதற்குள் கொடுத்துவிட்டால் இரண்டு முறை இடம்பெயரும். மதிப்பு புலத்தில் அடங்காத மாறிலியாக இருந்தால் கம்பைலர் பிடிக்கும். இயங்கும்போது வரும் மதிப்பு என்றால் மேக்ரோ அதிகப் பிட்டுகளைச் சத்தமின்றி வெட்டிவிடும். புல அகலத்தையும் எண்ணிப் பாருங்கள்: 8 பிட் புலம் 8இல் தொடங்கினால் 15இல் முடியும், 16 என்று எழுதிய பேட்ச்சுகளைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, ஒன்று குறைத்து எழுதும் நேர ரெஜிஸ்டர்கள். பல கன்ட்ரோலர்கள் மொத்த அகலத்தில் ஒன்றைக் கழித்த எண்ணையே எதிர்பார்க்கின்றன. 1080 வரி, 60 ஹெர்ட்ஸ் முறையை எடுத்துக்கொள்வோம். காட்டப்படும் 1920 பிக்சல், முன் இடைவெளி 88, ஒத்திசைவு 44, பின் இடைவெளி 148, ஆக மொத்தம் 2200. நெடுக்கில் மொத்தம் 1125. பிக்சல் கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். ரெஜிஸ்டருக்குப் போக வேண்டியது 2199, ஹெக்ஸில் 897. கிளீனப்பில் அந்த ஒன்றைக் கழிக்கும் குறி தொலைந்தால் 898 போகும், ஒவ்வொரு வரியும் 2201 பிக்சலாகும், திரை 60க்குப் பதில் ஏறக்குறைய 59.97 ஹெர்ட்ஸில் ஓடும். பெரும்பாலான மானிட்டர்கள் இதை ஒப்புக்கொண்டு படத்தைக் காட்டிவிடும். பேட்ச் சோதிக்கப்பட்டது என்று ஆசிரியர் உண்மையாகவே சொல்வார். பிறகு வேறொருவரின் கண்டிப்பான பேனலில் படம் நடுங்கும். ஆகவே மேக்ரோவாக மாறிய ஒவ்வொரு நேரக் கணக்கையும் ஒரு நிஜ முறையின் எண்களைப் போட்டுக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, படித்து மாற்றி எழுதுவதும் நேரடியாக எழுதுவதும் ஒன்றல்ல. பழையது முழு மதிப்பை எழுதியிருக்க, புதியது சில பிட்டுகளை மட்டும் புதுப்பித்தால், மற்றப் பிட்டுகளில் பூட்லோடர் (கர்னலுக்கு முன் ஓடும் தொடக்க நிரல்) விட்டுச்சென்ற எச்சங்கள் அப்படியே தங்கும். எதிர்த்திசையில் மாற்றினால், வேறு யாரோ அமைத்த பிட்டுகள் அழியும். 1 எழுதினால் அழியும் வகை இண்டரப்ட் (சிப் கவனம் கோரும் சமிக்ஞை) நிலை ரெஜிஸ்டரில் படித்து மாற்றி எழுதினாலோ, காத்திருந்த எல்லா இண்டரப்டுகளும் சேர்ந்து அழிந்துவிடும்.

நான்காவது, ரெக்மேப்புக்கு (ரெஜிஸ்டர்களை அணுகும் கர்னலின் பொது அடுக்குக்கு) மாறும் பேட்ச்சுகளில் ஒளிந்திருக்கும் ஒரு கண்ணி. ரெக்மேப்பின் பிட் புதுப்பிக்கும் ஃபங்ஷன், படித்த மதிப்பும் எழுத வேண்டிய மதிப்பும் ஒன்றாக இருந்தால் எழுதுவதே இல்லை. 'எழுதினாலே செயல் நடக்கும்' வகைப் பிட்டுகளுக்கு இது சரிவராது: கட்டமைப்பை நிறைவேற்று என்று தட்டிவிடும் பிட் ஏற்கெனவே 1 என்று படிக்கப்பட்டால் தட்டுதல் நடக்காது. அத்தகைய இடங்களில் கட்டாயமாக எழுதும் ரைட் பிட்ஸ் வகையைக் கேளுங்கள்.

ஐந்தாவது, பயனற்றதாகத் தோன்றும் வாசிப்புகள். பிசிஐ போன்ற பஸ்களில், எழுத்து சிபியுவை விட்டுப் போனதும் நிரல் மேலே நடக்கும். சிப்பை அது எப்போது அடையும் என்பதற்கு உறுதி இல்லை. அதே சாதனத்திலிருந்து ஒரு வாசிப்பு செய்தால், முன்னே போன எழுத்துகள் சேர்ந்த பிறகே பதில் வரும். ரீசெட் பிட்டை எழுதி, ஒன்றைப் படித்து, பத்து மைக்ரோ வினாடி காத்திருக்கும் நிரலில் அந்த வாசிப்பை நீக்கினால், காத்திருப்பு எழுத்து போய்ச் சேரும் முன்பே ஓடி முடிந்துவிடலாம். 'பயன்படுத்தாத மாறியை நீக்கு' என்ற தலைப்பில் வரும் பேட்ச்சில் இது போகும். படித்தாலே அழியும் நிலை ரெஜிஸ்டர்களும் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

6. காத்திருப்பு நேரங்கள்

எம்ஸ்லீப்பை (மில்லி வினாடிக் கணக்கில் தூங்கும் ஃபங்ஷனை) யூஸ்லீப் ரேஞ்சாக (மைக்ரோ வினாடிக் கணக்கில் தூங்குவதாக) மாற்றுவது, பேட்ச்சுகளைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டின் எச்சரிக்கையால் வரும் மாற்றம், சரியானதும் கூட. ஆனால் 20 மில்லி வினாடிக்குக் கீழே எம்ஸ்லீப் கேட்டதைவிடப் பல மடங்கு தூங்கக்கூடும். 10 கேட்டால் 20 வரை போகலாம். பத்து ஆண்டுகளாக 10 என்று எழுதியிருந்த நிரல் உண்மையில் 20 காத்திருந்ததால்தான் வேலை செய்தது என்றால், துல்லியமாக 10 காத்திருக்கும் புதிய நிரல் தோற்கும். டேட்டாஷீட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய நிஜ நேரத்தைக் கீழ் எல்லையாக வைக்கச் சொல்லுங்கள்.

கையால் எழுதிய காத்திருப்பு லூப்பை 'ரீட்எல் போல் டைம்அவுட்' (readl_poll_timeout) மேக்ரோவாக மாற்றினால் மூன்றைக் கவனியுங்கள். நிபந்தனை தலைகீழாகிவிட்டதா: பழைய லூப் 'தயாராகாத வரை சுற்று' என்றிருக்கும், புதியது 'தயாரானதும் நில்' என்று கேட்கும். அந்த இடம் தூங்கக்கூடிய இடமா: ஸ்பின்லாக்குக்குள் (தூங்கக்கூடாத பூட்டுக்குள்) என்றால் தூங்காத அடாமிக் வகைதான் வேண்டும். கடைசியாக, பழைய லூப் நேரம் கடந்தும் வாய்மூடி மேலே நடந்ததா? அப்படி நடந்திருந்தால், பிழையைத் திருப்பித் தரும் புதிய நிரல் பார்வைக்குச் சரியானதாக இருந்தாலும், நேற்று வரை எழுந்த ஒரு போர்டை இன்று எழவிடாமல் செய்யும். இது கமிட் செய்தியில் சொல்லப்பட வேண்டிய நடத்தை மாற்றம்.

7. மின்சாரம், கிளாக், ரீசெட்

தனித்தனி ரெகுலேட்டர்களை ஒரே தொகுப்பாக மாற்றும் பேட்ச் இருபது வரிகளைக் குறைக்கும், படிக்க இனிமையாக இருக்கும். ஆனால் ரெகுலேட்டர் தொகுப்பை இயக்கும் ஃபங்ஷன், உள்ளே ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரே நேரத்தில் இயக்க ஏற்பாடு செய்கிறது. அட்டவணையில் எழுதிய வரிசையில் எழும் என்பதற்கு உறுதி கிடையாது. அணைக்கும் ஃபங்ஷன் மட்டும் கடைசியிலிருந்து முதல் வரை வரிசையாக அணைக்கிறது. இந்தச் சமமின்மை பலருக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஒரு பேட்ச்சை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். என் மேசையில் பேனல் எழுந்தது, மறுதொடக்கத்திலும் எழுந்தது. வெகு நேரம் அணைத்து வைத்திருந்த போர்டை இயக்கியபோதுதான், அனலாக் மின்சாரம் உள்ளீட்டு மின்சாரத்துக்கு முன்பே ஏறி, பேனல் ரீசெட்டை ஏற்காமல் வெள்ளையாக நின்றது. அதற்குப் பின் மின் வரிசை உள்ள பேனல்களுக்குத் தொகுப்பு மாற்றம் வந்தால், நேர வரைபடத்தில் அந்த மின்கோடுகளுக்கு இடையே அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் ஒப்புதல் தருவதில்லை.

கிளாக் தொகுப்பு இப்படியல்ல. வரிசையாக இயக்கும், எதிர்வரிசையில் அணைக்கும். ஆனால் எல்லாக் கிளாக்குகளையும் ஒரேயடியாக வாங்கும் வகைக்கு மாறினால், வரிசையைத் தீர்மானிப்பது டிவைஸ் ட்ரீ ஆகிவிடுகிறது. ரெஜிஸ்டரை அணுகத் தேவையான பஸ் கிளாக் எது என்று பார்த்து, அது இயங்கும் முன் எந்த ரெஜிஸ்டரும் தொடப்படவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பல சிப்களில் கிளாக் இல்லாமல் ரெஜிஸ்டரைத் தொட்டால் பிழைச் செய்தி கூட வராது, முழு இயந்திரமும் உறைந்து நிற்கும்.

ரீசெட் காலில் துருவத்தை, அதாவது எந்த மின்நிலை செயல்நிலை என்பதை, பாருங்கள். ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுக் கால்) டிஸ்கிரிப்டர் முறையில் 1 என்பது 'ரீசெட் செயலில்' என்ற பொருள் தரும் மதிப்பு. டிவைஸ் ட்ரீயில் தாழ்நிலைச் செயல் என்று குறித்திருந்தால் கம்பியில் 0 போகும். பழைய எண் முறையிலிருந்து மாற்றும் பேட்ச் 0, 1 இரண்டையும் அப்படியே விட்டுவைத்தால், சிப் நிரந்தரமாக ரீசெட்டில் நிற்கும்.

8. பிழைப் பாதையும் பிரிவதன் வரிசையும்

பெற்ற வளங்களைக் கர்னலே தானாக விடுவிக்கும் 'டெவ்எம்' முன்னொட்டுள்ள ஃபங்ஷன்களுக்கு மாறி, பிழை வந்தால் தாவும் கோட்டூ லேபல்களை நீக்குவது இன்று மிக அதிகமாக வரும் கிளீனப். மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

பொருள் எப்போது விடுவிக்கப்படுகிறது? டெவ்எம் வளங்கள், டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு, பெற்றதற்கு எதிர்வரிசையில் விடுவிக்கப்படும். பாதி வளங்களை டெவ்எம்முக்கு மாற்றி, கிளாக்கை மட்டும் ரிமூவில் கையால் அணைத்தால், கிளாக் போன பின்னும் இண்டரப்ட் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் ஓர் இண்டரப்ட் வந்தால் கையாளும் ஃபங்ஷன் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படிக்கும். பகிரப்பட்ட இண்டரப்ட் என்றால், அதற்கான பிழைதேடும் கட்டமைப்பு விருப்பம், விடுவிக்கும் நேரத்தில் வேண்டுமென்றே ஒருமுறை கையாளியை அழைத்துப் பார்க்கும். அதை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் யாருக்குச் சொந்தம்? பயனர் நிரல் ஒன்று டிஆர்எம் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே சாதனம் கழன்றுவிடலாம். டெவ்எம் நினைவகம் அப்போதே போய்விடும். திறந்த கோப்பு இன்னும் கனெக்டர், பிளேன் போன்ற டிஆர்எம் பொருள்களைப் பிடித்திருக்கும். ஆகவே பயனர் நிரலால் அடையக்கூடிய பொருள்களுக்கு 'டிஆர்எம்எம்' வகை வேண்டும். அது டிஆர்எம் சாதனத்தின் கடைசிக் குறிப்பு விடப்படும் வரை வாழும். ரெஜிஸ்டர் முகவரி, கிளாக் போன்ற வன்பொருள் வளங்களுக்கு டெவ்எம் சரியானது. ஆனால் அவற்றைத் தொடும் பாதைகள், சாதனம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் டிஆர்எம் டெவ் என்டர், டிஆர்எம் டெவ் எக்சிட் இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டும்.

இரண்டு முறை விடுவிக்கப்படுகிறதா? இயக்கிய நிலையிலேயே கிளாக்கை வாங்கித் தரும் டெவ்எம் ஃபங்ஷனுக்கு மாறிவிட்டு, ரிமூவில் பழைய அணைக்கும் வரியை விட்டுவைப்பது வழக்கமான பிழை. ரன்டைம் பிஎம்மிலும் (ஓடும்போதே சாதனத்தின் மின்சாரத்தை மேலாளும் பகுதியிலும்) இதே கதை: பழைய கெட் சிங்க் தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டிவிடும், எனவே பிழைப் பாதையில் ஒரு குறைப்பு இருக்கும். ரெஸ்யூம் அண்ட் கெட் தோற்றால் தானே குறைத்துக்கொள்ளும். மாற்றும்போது பழைய குறைப்பை நீக்காவிட்டால் எண்ணிக்கை கீழே போகும். மேலும் கெட் சிங்க் ஏற்கெனவே விழித்திருந்தால் 1 திருப்பும்; புதியது வெற்றிக்கு 0 மட்டுமே தரும்.

சாதனத்தைப் பயனர் நிரல்களுக்குத் திறந்துவிடும் டிஆர்எம் டெவ் ரெஜிஸ்டர் அழைப்பு எங்கே நிற்கிறது என்பதையும் இங்கேயே பாருங்கள். அந்தக் கணத்திலிருந்து பயனர் நிரல் உள்ளே வரலாம். ஃபங்ஷன்களைப் பிரிக்கும்போது, வன்பொருள் தொடக்கத்தின் எந்தப் பகுதியும் அதற்குக் கீழே நழுவிவிடக் கூடாது.

9. பேனல் கட்டளைத் தொடர்கள்

டிஎஸ்ஐ பேனல் டிரைவர்களில், கட்டளைகளை அனுப்பும் பழைய மேக்ரோ தோற்றால் தானே ஃபங்ஷனை விட்டு வெளியேறிவிடும். அந்த வெளியேற்றம் நிரலில் கண்ணுக்குத் தெரியாது. புதிய 'மல்டி' வகை, பிழையை ஒரு சூழல் மாறியில் சேமித்து, அதன் பின் வரும் அழைப்புகளை வெற்றழைப்புகளாக்குகிறது. மாற்றம் நல்லது. சரிபார்க்க வேண்டியவை: சேமித்த பிழை கடைசியில் திருப்பப்படுகிறதா, திருப்பும் முன் ரீசெட்டும் மின்சாரமும் பழைய நிலைக்கு மீட்கப்படுகின்றனவா, இடையில் உள்ள தூக்கங்களும் மல்டி வகைக்கு மாறினவா. அணைக்கும் பாதை மட்டும் வேறு: அங்கே திரையை அணைக்கும் கட்டளை தோற்றாலும் தூங்கவைக்கும் கட்டளையை அனுப்பிப் பார்ப்பதே பல பேனல்களுக்குச் சரி. எனவே பிழையைத் தாண்டி மேலே போகும் பழைய நடத்தை வேண்டுமென்றே வைத்ததா என்று கேளுங்கள்.

நீண்ட கட்டளை அட்டவணை நகர்ந்திருந்தால் கண்ணால் ஒப்பிடாதீர்கள். எண்களை மட்டும் பிரித்தெடுத்து இரண்டு கோப்புகளாக்கி டிஃப் போடுங்கள்.

10. ஓட்டிப் பார்க்கும் வரிசை

முதலில் கூடுதல் எச்சரிக்கைகளோடு கட்டுங்கள், ஸ்பார்ஸ் என்ற நிரல் சோதிப்பானையும் ஓட்டுங்கள். தொடரின் ஒவ்வொரு பேட்ச்சும் தனியாகக் கட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் பிழை நுழைந்த கமிட்டைத் தேடி பைசெக்ட் செய்கிறவர் நடுவில் சிக்கிக்கொள்வார்.

அடுத்து லாக்டெப் (பூட்டுப் பிழைகளைத் தேடுவது), கேசன் (நினைவகப் பிழைகளைத் தேடுவது) இரண்டையும் இயக்கி, பேட்ச்சுக்கு முன்னும் பின்னும் ரெஜிஸ்டர் எழுத்துகளின் தடத்தைப் பதிவுசெய்யுங்கள். ரெக்மேப் டிரைவர் என்றால் கர்னல் ட்ரேசிங்கிலேயே அதற்கான நிகழ்வுகள் உள்ளன. நேர முத்திரைகளை நீக்கிவிட்டு இரண்டு தடங்களையும் ஒப்பிடுங்கள். நீங்கள் மூன்றாம் படியில் எழுதிய தாளின் இயந்திர வடிவம் அது. பின்பு நேர முத்திரைகளோடு, வட்டமிட்ட காத்திருப்புகளை மட்டும் பாருங்கள்.

பிறகு தூங்கி எழுதல், பல முறை. பூட்லோடர் திரையை எழுப்பாத நிலையில் ஒரு தொடக்கமும் அவசியம். பூட்லோடர் இயக்கி விட்ட கிளாக்கின் மேல் டிரைவர் சவாரி செய்துகொண்டிருந்தால், தொடக்கத்தின் இறுதியில் கர்னல் உரிமை கோரப்படாத கிளாக்குகளை அணைக்கும்போது திரை போய்விடும். பயன்படுத்தாத கிளாக்குகளை விட்டுவைக்கும் கர்னல் அளவுருவைப் போட்டால் மட்டும் வேலை செய்கிறது என்றால், எங்கோ ஒரு கிளாக் இயக்கும் வரி தொலைந்திருக்கிறது.

கடைசியாக, கழற்றி மாட்டுதல். டிரைவரை ப்ரோப் செய்து, நீக்கி, மறுபடி ப்ரோப் செய்து பார்க்கும் கட்டமைப்பு விருப்பம் கர்னலில் உண்டு. அதோடு டிஆர்எம் சோதனைகள் அடங்கிய ஐஜிடி தொகுப்பின் ஹாட் அன்பிளக் சோதனையையும் ஓட்டுங்கள். எட்டாம் படியில் தவறவிட்டவை பெரும்பாலும் இங்கே வெளிவரும். ப்ரோபின் ஒவ்வொரு படியிலும் செயற்கையாக ஒரு பிழையைத் திருப்பி, எண்ணிக்கைகள் சமநிலைக்கு வருகின்றனவா என்று பார்ப்பது சலிப்பூட்டும் வேலை. ஆனால் பிழைப் பாதையைச் சோதிக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஒத்திவைப்புப் பிழை 517 (தேவையான வேறொன்று இன்னும் தயாராகவில்லை, பிறகு ப்ரோப் செய் என்பது) திரும்பும் பாதையை மறக்காதீர்கள், ஏனெனில் அது நிஜத்தில் தினமும் ஓடும் பிழைப் பாதை.

11. பதில் எழுதுதல்

நடத்தையை மாற்றும் குறைகளை முதலில் எழுதுங்கள். பெயர், வரி அமைப்பு போன்றவற்றைக் கடைசியில், விருப்பத்துக்குரியவை என்று சொல்லியே எழுதுங்கள். இரண்டையும் கலந்தால், ஆசிரியர் எளிதானவற்றைத் திருத்திவிட்டு அடுத்த பதிப்பை அனுப்பிவிடுவார். 'இந்த வாசிப்பை ஏன் நீக்கினீர்கள்' என்று மட்டும் கேட்காமல், 'ரீசெட் எழுத்தைச் சிப்புக்குச் சேர்ப்பதற்காக இது இருந்திருக்கலாம். இல்லை என்று எப்படித் தெரிந்தது' என்று காரணத்தோடு கேளுங்கள். அவர் கற்றுக்கொள்வார், அல்லது நீங்கள் கற்றுக்கொள்வீர்கள்.

ரிவியூட்-பை குறியை, நீங்கள் வரி வரியாகப் பார்த்த பேட்ச்சுகளுக்கு மட்டும் தாருங்கள். தொடர் முழுமைக்கும் சேர்த்துத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. டெஸ்டட்-பை குறியோடு எந்தச் சிப் வகையில், எந்தப் பேனலில், எந்தச் சோதனைகளை ஓட்டினீர்கள் என்பதை எழுதுங்கள். முதல் படியில் எழுதிய பட்டியலில் ஓட்டிப் பார்க்க முடியாத வகைகளையும் குறிப்பிட்டால், அந்தப் போர்டு உள்ளவர்கள் முன்வருவார்கள்.

அடுத்த பதிப்பு வந்ததும் முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டாம். கிட் ரேஞ்ச்-டிஃப் மூலம் இரண்டு பதிப்புகளுக்கும் இடையே மாறியதை மட்டும் எடுங்கள். நீங்கள் கேட்காத மாற்றம் ஏதாவது அதில் இருந்தால், அந்தப் பேட்ச்சுக்கு முன்பு தந்த குறியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உங்கள் தாளை எடுத்து மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.